உழைக்கும் பழைய லாரிகள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு ஒரு சத்தம் மறக்காது. பொழுது இன்னும் புலர்ந்திருக்காது. பெரட்டுக்குப் போகிறவர்களின் கைவிளக்குகள் லயங்களுக்கு நடுவே அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மேட்டுப் பாதையில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறி வரும். கியர் மாறும் ஓசையைக் கேட்டே, இன்று ஓட்டுவது இன்னார் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் லயத்தில் இருந்தார்கள். ஆட்களைத் தூரத்துக் காட்டில் இறக்கிவிட்ட லாரி, வெயில் ஏறிய பிறகு பால் ஏற்ற வரும். மாலையில் அரிசி மூட்டையோடு வரும். கல்யாணத்துக்கும் அந்த லாரிதான், ஆஸ்பத்திரிக்கும் அந்த லாரிதான்.

அப்படிப்பட்ட லாரிகளுள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொருட்காட்சிச் சாலையில் துடைத்து வைக்கப்பட்டவற்றைப் பற்றி நாம் பேசவில்லை. இன்றும் பாரம் ஏற்றி, ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவை எங்கிருந்து வந்தன, எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன, அப்படி ஒன்றை வைத்திருப்பவரும் வாங்க நினைப்பவரும் எதை எதைக் கவனிக்கவேண்டும் என்பவையே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் வீடு. தோட்ட நிர்வாகம் கழித்துவிட்ட ஒரு லாரியைத் தகப்பனார் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். தேங்காய், செம்பனைக் குலை, மணல், வீட்டுச் சாமான் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். இப்போது அவருக்கு முடியவில்லை. மூத்த மகன் பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். இளையவனுக்கு லாரி ஓட்ட ஆசை. பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வந்து விலை கேட்கிறார். "உங்க அப்பா கையால ஓட்டின வண்டி, அதைக் கொடுக்காதீங்கப்பா" என்கிறார் தாயார். விற்பதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்விக்கு உரையின் முடிவில் விடை காண முயல்வோம்.

பினாங்குத் தீவின் வாணிகம் ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் நகர்ந்தது. துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் இடையே வண்டி ஓட்டியவர்களில் நம்மவர்கள் மிகுதி. எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில், கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களில் முதலில் கரும்பும் பிறகு ரப்பரும் விளைந்தன. விளைந்த பொருள் கடற்கரைக்கு வந்து சேரவேண்டும். மாட்டின் இடத்தை மோட்டார் பிடித்தபோது, வண்டிக்காரர்களின் பிள்ளைகளில் சிலர் லாரி ஓட்டுநர்களானார்கள். 1985ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு ஒரு லாரி போக வேண்டுமானால் பெர்ரியில் ஏறித்தான் கடலைக் கடக்கவேண்டும். 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது. கார்களை ஏற்றிச் செல்லும் பெர்ரிச் சேவை 2020ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிட்டது. வழிகள் இத்தனை முறை மாறியும் சில பழைய வண்டிகள் மாறவில்லை.

இந்தப் பழைய வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, போர் விட்டுச்சென்றவை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் எண்ணற்ற இராணுவ லாரிகளைச் செய்து குவித்தன. அமெரிக்காவின் ஜி.எம்.சி. ஆறு சக்கர லாரி மட்டும் 1941க்கும் 1945க்கும் இடையே ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் பெட்போர்டு நிறுவனம் போருக்காகச் செய்தவை 250,000 அளவில் இருந்தன. போர் முடிந்ததும் இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உபரியாகிப்போனவை பல நாடுகளில் மலிவாக விற்கப்பட்டன. மலாயாவில் மரம் வெட்டும் தொழிலில் ஈடுபட்டவர்கள் இத்தகைய இராணுவ லாரிகளை வாங்கி, வின்சு எனப்படும் இழுவைப் பொறியைப் பொருத்தி, காட்டுக்குள் கட்டைகளை இழுத்து ஏற்றப் பயன்படுத்தினார்கள். சீனர்கள் அதற்கு 'சான் தாய் வோங்' என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து', அதாவது பேய் லாரி என்றார்கள். கூரையும் கதவும் இல்லாமல், எந்தச் சேற்றிலும் உறுமிக்கொண்டு வரும் அதன் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். அது காட்டுப் பாதைக்கு உரிய வண்டி. பொதுச் சாலைக்கு உரியதன்று.

இரண்டாம் வகை, 1950, 60, 70ஆம் ஆண்டுகளில் வந்த பிரிட்டிஷ் லாரிகள். பெட்போர்டு, ஆஸ்டின், கம்மர், லேலண்டு என்ற பெயர்களை நம் பெரியவர்கள் குடும்பத்தாரின் பெயர்போல் சொல்வார்கள். பின்னர் ஜெர்மானிய மெர்சிடிஸ் லாரிகளும், அதன்பின் ஜப்பானிய இசுசு, ஹினோ வகைகளும் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தன. இந்த ஜப்பானிய வண்டிகளிலேயே முதலில் வந்தவை இப்போது கிழடாகிவிட்டன.

மூன்றாம் வகை லேண்ட்ரோவர். இது முழு லாரி அல்ல. ஆனால் லாரியின் வேலையைச் செய்யும். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவர் மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அதைப்போல் ஒரு பண்ணை வண்டியை நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதன் விளைவே இது. அக்காலத்தில் இங்கிலாந்தில் எஃகுக்குப் பெரும் பஞ்சம். ஆகவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வேறு வழியின்றிச் செய்த அந்தக் காரியமே பின்னர் பெரிய நன்மையாக முடிந்தது. எஃகுத் தகடு துருப்பிடித்து உதிரும் மழை நாடுகளில், அலுமினியத் தகடு நிலைத்து நின்றது.

நம் நாட்டில் இதைக் காண வேண்டுமானால் கேமரன் மலைக்குப் போகவேண்டும். 1929ஆம் ஆண்டு முதல் தேயிலைத் தோட்டங்களும், பிறகு காய்கறித் தோட்டங்களும் பெருகிய அந்த மலையில், பெயிண்ட் மங்கி, தகடு நசுங்கிய பழைய லேண்ட்ரோவர்கள் முட்டைக்கோசையும் தக்காளியையும் உரமூட்டைகளையும் சரிவுப் பாதைகளில் சுமக்கின்றன. பினாங்குச் சந்தையில் நாம் வாங்கும் கேமரன் கீரை, தன் பயணத்தின் முதல் மைலை இப்படிப்பட்ட ஒரு வண்டியில் கழித்திருக்கக்கூடும்.

இது நம் நாட்டு அதிசயம் மட்டுமன்று. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்தில் மானேபஞ்சாங் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்குச் செல்லும் ஏறக்குறைய 31 கிலோமீட்டர் செங்குத்துப் பாதையில், 1950ஆம் ஆண்டுகளின் லேண்ட்ரோவர்கள் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி வந்தன. 2018இல், தன் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, லேண்ட்ரோவர் நிறுவனமே அந்த ஊரைத் தேடிச் சென்று பெருமைப்படுத்தியது. அப்போது அங்கே நாற்பதுக்கு மேற்பட்ட பழைய வண்டிகள் இருந்தன. இன்னொரு புறம், இலங்கையின் யாழ்ப்பாணத்தை எண்ணிப் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமற்போனபோது, பழைய ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளில் சில துளி பெட்ரோலை விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் நம் இனத்தவர்கள். எளிய எஞ்சின் ஆனதால்தான் அது முடிந்தது.

இனி, இவை ஏன் நீடிக்கின்றன என்று பார்ப்போம். காரணங்கள் மூன்று.

ஒன்று, எளிமை. ஒரு பழைய லாரியின் எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். எண்ணெய் வரும் குழாய் இது, தண்ணீர் போகும் குழாய் இது என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். கணினிப் பெட்டி எதுவும் இல்லை. ஸ்பேனரும் சுத்தியும் கிரீஸ் துப்பாக்கியும் இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

இரண்டு, உறுப்புகளைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் வசதி. கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றலாம். எஞ்சின் தேய்ந்துபோனால் வேறோர் எஞ்சினைக்கூட இறக்கலாம். கேமரன் மலையின் லேண்ட்ரோவர்கள் பலவற்றில் இன்று துடிப்பது ஜப்பானிய டீசல் எஞ்சின்தான். பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையில் போனால், பழைய ஸ்பேனர்களும் விளக்குகளும் தரையில் பரப்பிக் கிடக்கும் நடுவே, எங்கும் கிடைக்காத ஒரு சிறு உறுப்பு சில சமயம் கண்ணில் படும்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. அது கவனிப்பு. தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தின்போது முருகப்பெருமானைச் சுமந்து செல்லும் வெள்ளி இரதத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த இரதம் அது. நூற்றாண்டு கடந்தும் அது சாலையில் உருள்வதற்கு வெள்ளி மட்டும் காரணமா? ஆண்டுதோறும் சக்கரத்தையும் அச்சையும் பார்த்துச் சரிசெய்கிற கைகள் இருப்பதுதான் காரணம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் பழமொழி. லாரிக்கும் அதே விதிதான்.

இனி, பழைய லாரி ஒன்றை வாங்க நினைப்பவர் அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவர் பார்க்கவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் பெயிண்டைப் பார்க்காதீர்கள். குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். வண்டியின் முதுகெலும்பு, பட்டறையில் சேசிஸ் என்று சொல்லப்படும் சட்டகம். சிறு சுத்தியால் அதைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலும், துருச் செதில் உதிர்ந்தாலும், அந்த இடம் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. லேண்ட்ரோவரிலும் உடல்தான் அலுமினியம், சட்டகம் எஃகுதான். பினாங்கைப்போல் கடற்காற்று வீசும் ஊரில் உப்பு எஃகை அரிக்கும். மணல் ஏற்றி வந்த நாளில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது, பெயிண்ட் அடிப்பதைவிட மேலானது.

அடுத்தது பிரேக். உயிரும் உடைமையும் இதில்தான் இருக்கின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் எண்ணெய் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய் வழியாகப் போகிறது. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். புதிய வண்டிகளில் இரு தனிப் பாதைகள் உண்டு; ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர் காலையில் கிளம்பும் முன் குழாய் மூட்டுகளைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அப்போது மிதியை மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த எண்ணெயை முழுவதும் மாற்றிவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அதற்கு ஆகும் செலவு சிறிதே.

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார்ப்பொருள் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரும். பிரேக்கைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

மூன்றாவது ஸ்டீயரிங். ஒருவர் ஸ்டீயரிங் சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றொருவர் கீழே இருந்து மூட்டுகளைப் பார்க்கவேண்டும். மேலே கை அசைந்தும் கீழே சக்கரம் அசையத் தாமதித்தால், எங்கோ தேய்ந்திருக்கிறது. கிரீஸ் ஏற்றவேண்டிய முலைகளை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறந்தாலும் அந்த மூட்டு உலர்ந்து தேயும்.

நான்காவது சக்கர வளையம். பழைய லாரிகளில் ரிம் ஒரே துண்டாக இராது. தனி வளையம் ஒன்று டயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றடிக்கும்போது அந்த வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் மனிதனைக் கொன்றுவிடும். இத்தகைய டயருக்கு வீட்டில் காற்றடிக்க வேண்டாம். இரும்புக் கூண்டு உள்ள டயர்க் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் டயருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

ஐந்தாவது, நம் வாழ்க்கையோடு வேடிக்கையாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. இன்று நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலக்கப்படுகிறது. 2011இல் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தொடங்கி, 2019இல் பத்துப் பங்காக உயர்ந்தது. நாம் வெட்டிய குலையே எண்ணெயாகி நம் லாரியின் தொட்டிக்கு வருகிறது! ஆனால் பழைய வண்டியின் எண்ணெய்க் குழாய்கள் இயற்கை ரப்பரால் ஆனவையாக இருந்தால், இந்தக் கலப்பு அவற்றை மெல்ல ஊதவைத்து இளகச் செய்யும். தொட்டியின் அடியில் படிந்த பழைய அழுக்கையும் கரைத்துக் கிளப்பிவிடும். ஆக, குழாய்களைப் புதிய வகைக்கு மாற்றுங்கள். எண்ணெய் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். நாம் சீவிய ரப்பரை நாம் வெட்டிய செம்பனை தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆறாவது, தாள்கள். வண்டி நன்றாக இருந்தும் பத்திரம் சரியாக இல்லாவிட்டால் அது வெறும் இரும்புதான். உரிமைப் பத்திரத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியப்பட்டிருக்க வேண்டும். வணிக வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகவேண்டும். கூலிக்குச் சரக்கு ஏற்ற 'ஏ' உரிமம், சொந்தச் சரக்கு ஏற்ற 'சி' உரிமம் என்ற வேறுபாடு உண்டு. சரக்கு வண்டி ஓட்டுவதற்குத் தனி ஓட்டுநர் உரிமமும் வேண்டும். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டில், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் சோதனை கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்து, மக்களின் எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே கைவிட்டது. அன்று பழைய வண்டியை நம்பி வாழ்ந்தவர்களின் வயிற்றில் புளி கரைந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சோதனை நமக்கே நன்மை.

வண்டியைப் பார்த்தாயிற்று. இனி ஓட்டுவதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

மிகப் பழைய கியர்ப் பெட்டியில், மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு நேராக மாற்ற முடியாது; பல் உராய்ந்து அலறும். கிளட்சை மிதித்து, நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, எஞ்சினைச் சற்றே முடுக்கி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடவேண்டும். இதையே இரட்டைக் கிளட்ச் என்பார்கள். எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போனால்தான் பற்கள் ஒன்றோடொன்று அமைதியாகக் கூடும். அன்று லயத்தில் படுத்தபடியே ஓட்டுநரின் பெயரைச் சொன்னார்களே, அது இந்தக் கைப்பழக்கத்தை வைத்துத்தான். இளையவர்கள் இதைப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்கவேண்டும்.

இறக்கத்தில் ஒரு விதி உண்டு. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கவேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. எண்ணெய் மிச்சமாகும் என்று நடுநிலையில் உருட்டிவிடுவது தற்கொலைக்குச் சமம். இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் செய்யவேண்டிய வேலை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

பாரத்துக்கும் அளவு உண்டு. மயிலிறகேயானாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்பது நம் முன்னோர் மாட்டு வண்டிக் காலத்திலேயே கண்ட உண்மை. 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், பேராக்கின் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லாரி ஒன்று காவல்துறையின் கலகத் தடுப்புப் படையினர் சென்ற வண்டியோடு மோதியது. படையினர் 9 பேர் உயிரிழந்தார்கள். லாரி அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியிருந்ததையும், ஸ்டீயரிங் பகுதியில் பழுது இருந்ததையும் விசாரணை எடுத்துக்காட்டியது. ஒன்பது குடும்பங்களின் கண்ணீருக்குமுன் ஒரு நடைக்கூலி எம்மாத்திரம்? 'இன்றைக்கு ஒரு நாள்தானே' என்று சரக்குக்காரர் வற்புறுத்தும்போது, முடியாது என்று சொல்லும் துணிவும் லாரிக்காரனின் தொழில் திறமையில் சேர்ந்ததுதான். பின்தட்டில் குலையின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்து அழைத்துப்போகும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால், அதை இன்றோடு விட்டுவிடவேண்டும்.

இப்போது வரவு செலவுக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. நாம் கற்பனை செய்த குடும்பத்தின் லாரி நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், லிட்டருக்கு 6 கிலோமீட்டர் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 லிட்டர். முன்பு 21 வெள்ளி 50 காசு ஆன செலவு, அந்த விலையில் 33 வெள்ளி 50 காசு ஆகிறது. நாளுக்கு 12 வெள்ளி கூடுதல். மாதம் 25 நாள் ஓடினால் 300 வெள்ளி. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்குச் சலுகை விலையில் எண்ணெய் பெற அரசாங்கம் திட்டம் வைத்தது. ஆனால் அதற்கும் உரிமமும் பத்திரமும் சரியாக இருக்கவேண்டும். தாள்களைப் பற்றி முன்பு நாம் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

பழைய வண்டிக்கு மாதத் தவணை இல்லை. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் தவணை இல்லை என்று முழு வருமானத்தையும் செலவிடக்கூடாது. தவணைக்குப் போகவேண்டிய தொகையில் ஒரு பகுதியை, வண்டிக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். டயரும் பிரேக்கும் கேட்கும் நாள் சொல்லிக்கொண்டு வராது. வீட்டுப் பெண்கள் கூட்டுப் பணம் சேர்ப்பதில் காட்டும் ஒழுங்கை லாரிக் கணக்கிலும் காட்டினால் போதும். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எண்ணெய் மாற்றிய நாள், கிரீஸ் அடித்த நாள், ஓடிய தூரம், செலவு, வரவு எல்லாவற்றையும் எழுதிவாருங்கள். ஆறு மாதத்தில், லாரி நம்மைக் காப்பாற்றுகிறதா, நாம் லாரியைக் காப்பாற்றுகிறோமா என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

இனி அந்தக் குடும்பத்தின் கேள்விக்கு வருவோம்.

சட்டகம் அரித்துப்போயிருந்தால், விற்றுவிடவேண்டியதுதான். அதில் வெட்கம் இல்லை. தகப்பனார் அந்த வண்டியை ஓட்டியது பிள்ளைகள் வாழ்வதற்காகவே ஒழிய, அதில் மாளுவதற்காக அல்ல. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதுபோல், ஓடாத லாரியின் உறுப்புகள் ஓடுகிற வேறொரு லாரிக்கு உயிர் கொடுக்கும். ஆகவே எடைக்குப் போடுவதற்கு முன், அதே வகை வண்டி வைத்திருப்பவர்களைத் தேடிக் கேட்டுப் பாருங்கள்.

சட்டகம் உறுதியாக இருந்து, தாள்கள் சரியாக இருந்து, இளைய மகன் உரிமம் எடுத்து முறையாக ஓட்டக் கற்கத் தயாராக இருந்தால், வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் செய்யவேண்டிய செலவை முதலில் செய்துவிட்டு, அதற்குப் பிறகே முதல் நடை ஓடவேண்டும். எஞ்சின் மாறியிருக்கலாம், கதவு மாறியிருக்கலாம், பலகை மாறியிருக்கலாம். இது இன்னும் அப்பாவின் லாரிதானா என்று கேட்பவர்களும் உண்டு. நம் வீட்டு மண்வெட்டிக்கு எத்தனை முறை பிடி மாற்றியிருக்கிறோம்! அதை வேறு மண்வெட்டி என்று யாராவது சொன்னோமா? அது செய்கிற வேலையும் அதைப் பிடிக்கிற கையும் தொடர்ந்து வரும்வரை, அது அதே மண்வெட்டிதான்.

அந்தத் தகப்பனார் இனி ஓட்டமாட்டார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடி, மகன் மேட்டில் கியர் மாற்றும் ஓசையைக் கேட்பார். பல் உராய்ந்தால் முகம் சுளிப்பார். உராயாமல் விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனமே மகனுக்குக் கிடைக்கும் சான்றிதழ்.

உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டிலோ அப்படியொரு லாரி நின்றால், நாளைக் காலையில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அதன் அடியில் குனிந்து பாருங்கள். எங்கேனும் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.